டக்ட் டேப்பை எதுவரை நம்பலாம்?

மாடிப்படி (மேடவாக்கம்)

வணக்கம். வாடகை வீடு, இரண்டாவது மாடி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி பைப்பில், எல்போவை (பைப் திரும்புகிற வளைவு இணைப்பை) ஒட்டினாற்போல் மயிரிழை விரிசல். சொட்டுச் சொட்டாகச் சுவரில் இறங்கி, படுக்கையறை மூலையில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஓனரிடம் சொன்னதும் மறுநாளே வந்தார், அதுவரை சந்தோஷம். கையில் சாம்பல் நிற டக்ட் டேப் ஒரு சுருள். சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, "இது அமெரிக்கா அயிட்டம் தம்பி, ராக்கெட்டுக்கே இதைத்தான் போடுறான், உங்க பைப்பு எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பழைய இடத்தில் நின்று, நாலு விரல் தள்ளி டேப்பின் ஓரத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

இன்னும் சில சுற்று போட்டால் நிற்குமா, பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டுமா? டக்ட் டேப் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த முறை அவரிடம் பேசக் கையில் ஏதாவது பாயின்ட் வேண்டும்.

திருகாணி (கோவை)

எத்தனை சுற்று போட்டாலும் நிற்காது. காரணம் டேப்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

மேலே பாலித்தீன் படலம், நடுவில் நூல் வலை, அடியில் ரப்பர் பசை. கையால் கிழித்துப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளை நூல் நீட்டிக்கொண்டிருக்கும். இழுவையைத் தாங்குவது அந்த நூல். மேல் படலம் தண்ணீரை விடாது. ஆனால் உள்ளிருந்து வரும் தண்ணீர் படலத்தைக் கிழித்துக்கொண்டா வருகிறது? பசைக்கும் பைப்புக்கும் இடையில் நுழைந்து, டேப்பின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே போய் வெளியேறுகிறது. உங்களுக்கு இடம் மாறிச் சொட்டுவது அதனால்தான். மேலே சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் டேப்பின் மேல்தான் ஒட்டுகிறது. வழி இருப்பது முதல் சுற்றுக்கு அடியில்.

ஒரு கேள்வி. ஓனர் ஒட்டும்போது பைப் காய்ந்திருந்ததா?

மாடிப்படி

வேட்டி நுனியால் துடைத்துவிட்டு ஒட்டினார். வால்வை அடைக்கவில்லை. துடைத்த கையோடு மறுபடி சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

திருகாணி

அப்படியென்றால் அது ஒட்டவே இல்லை, தன் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஈரம், எண்ணெய், தூசி மூன்றும் இந்தப் பசைக்கு ஆகாது.

பைப்புமணி (மதுரை)

நான் பிளம்பர். என் கணக்கைச் சொல்கிறேன். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். விரிசல் தொட்டிக்கு ஒரு மீட்டர் கீழே என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான். பெரிய அழுத்தமே இல்லை. ஆனால் ராத்திரி பகல் விடாமல் இருக்கும் அழுத்தம், டேப்பைத் தோற்கடிக்க அது போதும். இதே விரிசல் கீழ் வீட்டுக் குழாய்க்குப் பக்கத்திலோ மோட்டார் ஏற்றுகிற லைனிலோ இருந்திருந்தால், டேப் சுற்றி முடிப்பதற்குள் ஓனர் மேலேயே பீய்ச்சியிருக்கும்.

வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. தொட்டியடி வால்வை அடைத்து, கீழே ஒரு குழாயைத் திறந்து லைனைக் காலி செய்ய வேண்டும். எல்போவை ஒட்டி விரிசல் என்பதால் எல்போவும் போகும், ஒருமுறை ஒட்டியதைக் கழற்றித் திரும்பப் போட முடியாது. விரிசலுக்கு நாலு விரல் தள்ளி ஆக்ஸா பிளேடால் நேராக அறுத்து, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளேயும் வெளியேயும் துடைத்துக் காயவிட வேண்டும். புது எல்போ, ஒரு கப்ளிங் (இரண்டு பைப்பை நேராக இணைப்பது), ஒரு துண்டு பைப். இரண்டு பக்கமும் சால்வென்ட் தடவி, உள்ளே தள்ளும்போதே கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் பைப் மெதுவாக வெளியே நழுவி வரும், பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சால்வென்ட் பிவிசியின் மேல் தோலைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. அன்றைக்கு ராத்திரி முழுக்க தண்ணீர் விடாமல் இருந்தால் உத்தமம்.

உங்கள் ஓனரிடம் இதையும் சொல்லுங்கள்: எல்போ, கப்ளிங், சின்ன டப்பா சால்வென்ட் மூன்றும் சேர்த்தாலும் ஒரு நல்ல டக்ட் டேப் சுருளின் விலை வராது. கூலிதான் செலவு.

அப்புறம், விரிசல் ஏன் வந்தது என்று பாருங்கள். பைப்புக்குக் கிளாம்ப் அடித்திருக்கிறதா? அடிக்காமல் தொங்கினால் முழுக் கனமும் எல்போவில் உட்காரும். வெயிலில் நீண்டு, ராத்திரியில் சுருங்கி, ஒரு நாள் அங்கேதான் விடும். கிளாம்ப் அடிக்காமல் எல்போவை மட்டும் மாற்றினால் என்னைப் போன்றவர்களுக்கு மறுபடியும் வேலை கிடைக்கும்.

வயக்காட்டான் (மன்னார்குடி பக்கம்)

பிளம்பர் வரும்வரை தாக்குப்பிடிக்க எங்கள் ஊர் வைத்தியம்: பழைய சைக்கிள் ட்யூப். போர் தண்ணீர் லைன் நடவு சமயத்தில் வெடித்தால் கடைக்கு ஓட நேரம் இருக்காது, இதைத்தான் செய்வோம்.

ட்யூப்பை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வாராக நறுக்க வேண்டும். உள்பக்கம் வெள்ளையாகப் பவுடர் இருக்கும், அதைக் கழுவித் துடைக்காவிட்டால் வழுக்கும். விரிசலுக்கு ஒரு சாண் முன்னால் ஆரம்பித்து, ரப்பர் மெலிந்து நிறம் வெளுக்கிற அளவுக்கு இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடணும். விரிசலைத் தாண்டி ஒரு சாண் போய், அதே மாதிரி திரும்பி வந்து, கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைச் சொருகி, மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கினால் முடிந்தது. பசையே கிடையாது. நனைந்த பைப்பிலும் நிற்கும்.

திருகாணி

வயக்காட்டான் அண்ணே சொன்னதுதான் இந்த இழையிலேயே விஷயம். ரப்பரை இழுத்துச் சுற்றினால் அது சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து விரிசலை அமுக்கும். தண்ணீர் வெளியே தள்ளுகிறது, ரப்பர் உள்ளே தள்ளுகிறது. டக்ட் டேப்பின் நூல் நீளாது. எவ்வளவு இழுத்துச் சுற்றினாலும் அது அமுக்காது, வெறுமனே போர்த்தும். கடையில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் என்று ஒன்று விற்கிறார்கள். அதுவும் இந்த சைக்கிள் ட்யூப் வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் நாகரிகமாக.

ஓனர்பக்கம் (தாம்பரம்)

எல்லோரும் சேர்ந்து அந்த ஓனரைக் கும்மி எடுக்கிறீர்கள். சொன்ன மறுநாளே வந்த ஓனர் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பைப்பில் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக டேப்பையே குப்பை மாதிரிப் பேச வேண்டாம். என் வீட்டில் ஏர்கூலரின் உடைந்த மூடி, கிழிந்த ரெக்ஸின் சீட், வாக்குவம் கிளீனர் ஹோஸ், பயணப் பெட்டியின் ஓரம், தார்ப்பாய், துடைப்பக் கைப்பிடி எல்லாம் டக்ட் டேப்பில்தான் ஓடுகின்றன. லேசாகத் தட்டி விரிந்த கார் பம்பரை ஒட்டிக்கொண்டு திருச்சிவரை போய்த் திரும்பியிருக்கிறேன். இதெல்லாம் பிசைந்து அப்பும் எம்சீலால் முடியுமா? எம்சீல் கல்லாக இறுகிவிடும், வளைகிற இடத்தில் போட்டால் உதிர்ந்துவிடும்.

திருகாணி

சரியாகச் சொன்னீர்கள் சார், உங்கள் பட்டியலில் நான் மறுக்க எதுவும் இல்லை. அதில் ஒரு ஒற்றுமை இருக்கிறது, பாருங்கள். எதிலும் உள்ளிருந்து எதுவும் தள்ளவில்லை. சூடு இல்லை. இழுவை எல்லாம் டேப்பின் போக்கிலேயே வருகிறது. டேப்பை நீளவாக்கில் வழுக்கி இழுத்து எடுக்க முடியுமா? ரொம்பக் கஷ்டம். அதே டேப்பின் மூலையை நகத்தால் நெம்பித் தூக்கினால் மொத்தமும் உரிந்துவரும். ஒட்டும்போது மூலையைக் கத்தரியால் வட்டமாக வெட்டச் சொல்வது இதற்குத்தான், நெம்ப முனை கிடைக்காது. ஒட்டியபின் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அழுத்தினால்தான் பிடிக்கும் பசை அது.

தார்ப்பாய்க்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒட்டுங்கள். கிழிசல் வழியாகப் பசையும் பசையும் சேர்ந்துவிட்டால் காற்றடித்தாலும் சீக்கிரம் போகாது. ஆனால் வெயிலில் கிடக்கும் தார்ப்பாய் என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மேல் படலம் வெளுத்துச் செதில் செதிலாக உதிர்ந்து, கடைசியில் நூல் வலையும் பிசுபிசுப்பும்தான் மிஞ்சும். மொட்டை மாடியில் போன வருஷம் ஒட்டியதைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விண்வெளிப்பித்தன் (பெங்களூரு)

"ராக்கெட்டுக்கே போடுறான்" என்றாரல்லவா, ஓனர் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுக்கதையும் அவருக்குச் சாதகமாக இல்லை!

1972 டிசம்பர், அப்போலோ 17. நிலவில் ஓட்டப் போன ரோவர் வண்டியின் பின் மட்கார்டில் விண்வெளி வீரர் யூஜின் செர்னனின் சுத்தியல் மாட்டி, மட்கார்டின் நீட்டிப்புத் துண்டு உடைந்துவிட்டது. மட்கார்டு இல்லாமல் ஓட்டினால் சக்கரம் வாரி இறைக்கும் தூசி ஆள் மேலும் கருவிகள் மேலும் கொட்டும். கன்னங்கரிய தூசி படிந்தால் வெயிலில் எல்லாம் சூடேறும். செர்னன் டக்ட் டேப் போட்டு ஒட்டினார். ஒட்டப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை, காரணம் அதே தூசி. கொஞ்ச தூரம் ஓடியதும் கழன்று விழுந்துவிட்டது.

மறுநாள் என்ன செய்தார்கள் தெரியுமா? பூமியிலிருந்து வந்த யோசனைப்படி, கலத்துக்கு உள்ளே உட்கார்ந்து நாலு வரைபடத் தாள்களை டக்ட் டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆக்கினார்கள். அதை வெளியே கொண்டுபோய், கலத்தில் ஒரு விளக்கைப் பிடித்திருந்த கிளாம்ப்களைக் கழற்றி மட்கார்டில் மாட்டினார்கள். மிச்சப் பயணம் முழுக்க அது தாங்கியது. அந்தத் தாள் மட்கார்டு இப்போது வாஷிங்டன் விமான விண்வெளி அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

அதாவது, தூசி படிந்த இடத்தில் டேப் தோற்றது, சுத்தமான தாளில் ஜெயித்தது, வண்டியோடு பிடித்துக்கொள்ளும் வேலையைக் கிளாம்ப் செய்தது. நம் பைப்புமணி அண்ணன் கேட்பதும் கிளாம்ப்தானே!

டேப் பிறந்ததும் இப்படியொரு காரியத்துக்குத்தான். 1943-இல் இலினாய்ஸ் மாநிலத்தில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வெஸ்டா ஸ்டவுட் என்ற அம்மா, தோட்டாப் பெட்டிகளைக் காகித டேப்பும் மெழுகும் வைத்து மூடுவதைப் பார்த்தார். அவசரத்தில் பிரிக்க இழுத்தால் காகித நுனி கிழிந்துபோகும். அவருடைய இரண்டு பிள்ளைகள் கடற்படையில் இருந்தார்கள். துணி டேப் போடுங்கள் என்று நேராக அதிபர் ரூஸ்வெல்டுக்கே கடிதம் எழுதினார், ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்துகொடுத்தது. வெளியிலிருந்து ஈரம் பெட்டிக்குள் போகாமல் காப்பதற்கு வந்தது. உள்ளிருந்து தள்ளும் தண்ணீரை நிறுத்துவதற்கு இல்லை.

டக்ட்காரன் (ஷார்ஜா)

நான் இங்கே ஏசி டக்ட் (குளிர்காற்று போகும் தகரக் குழாய்) வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "உங்க வேலைக்கு இந்த டேப்தானே?" இல்லை! தகர டக்டுகளை ஃப்ளேஞ்ச் (விளிம்புச் சட்டம்) வைத்து, நடுவில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் பட்டை) கொடுத்து, போல்ட்டும் கிளீட்டும் (கவ்வி) போட்டு முடுக்குவோம். மூலையில் சீலன்ட். இன்சுலேஷன் மேல் ஒட்டுவது அலுமினியம் ஃபாயில் டேப், அது வேறு சாதி. சாம்பல் துணி டேப்பை டக்டில் ஒட்டி கன்சல்டன்ட் கண்ணில் பட்டால் அன்றைக்கு ஃபோர்மேன் தொலைந்தார்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1998-இல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் என்ற இரண்டு பேர் பலவகை டேப்பையும் சீலன்டையும் டக்ட் இணைப்பில் போட்டு, மாற்றி மாற்றிச் சூட்டிலும் குளிரிலும் வைத்தார்கள். மோசமாகத் தோற்றது துணி டக்ட் டேப்தான். சூட்டில் பசை இளகும், பிறகு காய்ந்து சுருங்கும், டேப் தானாக விழும்.

நாமக்கல் டிரைவர்

சூடு என்றதும் சொல்கிறேன். ரேடியேட்டர் ஹோஸ் ராத்திரி நடுரோட்டில் கிழிந்தால் டக்ட் டேப் போடுவதுண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும், சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். ஹோஸைக் காயத் துடைத்து, இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு முடுக்கி, மூடியை முழுக்க இறுக்காமல் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடுத்த ஊர்வரை மெதுவாகப் போகலாம். அடுத்த ஊர்வரைதான். அங்கே ஹோஸ் மாற்றாமல் கிளம்பினால் எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட்டுக்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டும்.

கண்ணம்மா (திருநெல்வேலி)

இடையில் ஒரு சந்தேகம், கோபிக்காதீர்கள். கேஸ் ட்யூப் அடுப்புப் பக்கம் லேசாக வெடித்திருக்கிறது, வாசனை எதுவும் இல்லை. புது ட்யூப் வாங்கும்வரை டக்ட் டேப் சுற்றி வைக்கலாமா?

பைப்புமணி

வேண்டாம் அக்கா. இப்போதே எழுந்துபோய் ரெகுலேட்டரை மூடிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

அந்த ட்யூப்பைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப்பை ஏஜென்சியிலேயே கேளுங்கள். வெடிப்பு வராவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது, தேதி ட்யூப்பிலேயே அச்சடித்திருக்கும். வாசனை வந்தால் சுவிட்சில் கை வைக்காமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்கு போன் செய்யுங்கள். பைப் விஷயத்தில் டேப் தோற்றால் சுவர் நனையும். இதில் தோற்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கண்ணம்மா

மூடிவிட்டேன் தம்பி. தேதியைப் பார்த்தால் எப்போதோ முடிந்திருக்கிறது. இன்றைக்கு ஹோட்டல் சாப்பாடுதான்.

போர்மோட்டார் சேகர் (தர்மபுரி)

கரண்ட் வேலைக்கும் இதே பதில்தான். கருப்பு இன்சுலேஷன் டேப் தீர்ந்துவிட்டதென்று ஒயர் ஜாயின்ட்டில் டக்ட் டேப் சுற்றுகிறார்கள். இதை மின்சாரத்துக்கென்று சோதித்து விற்பதில்லை. நடுவில் இருக்கும் நூல் ஈரத்தை உறிஞ்சும், ஜாயின்ட் சூடானால் பசை வழியும், தீப்பொறி பட்டால் பற்றும். நாங்கள் போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் கேபிள் ஜாயின்ட்டில் முதலில் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுவோம், அது ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரப்பராகிவிடும். அதற்கு மேல்தான் பிவிசி டேப். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் தண்ணீருக்குள் கிடக்கிற ஜாயின்ட் அது. சைக்கிள் ட்யூப் சூத்திரம் இங்கேயும் வருகிறது, பாருங்கள்.

ஓனர்பக்கம்

சரி, அப்படியே இதையும் தீர்த்துவிடுங்கள். 2016-இல் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டினோம். அது சரியா?

திருகாணி

பலன் இல்லை சார். டேப் கண்ணாடிக்குப் பலம் கொடுக்காது. உடைந்தால் டேப்போடு சேர்ந்த பெரிய பெரிய துண்டுகளாக விழலாம், அது இன்னும் ஆபத்து. அமெரிக்காவின் தேசிய சூறாவளி மையமே கண்ணாடியில் டேப் ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. ஒட்டுப்பலகை அடிக்க முடிந்தால் அடிக்கலாம், முடியாவிட்டால் திரையை இழுத்துவிட்டு அந்த அறையில் படுக்காமல் இருந்தால் போதும்.

மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. நிலவில் டேப் கழன்று விழுந்த கதையை ஓனரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கிளாம்ப் போட்டுக்கலாம்" என்றார்! பிளம்பர் வந்து எல்போ மாற்றி, சுவரில் இரண்டு கிளாம்ப் அடித்துவிட்டுப் போனார். சொட்டு நின்றுவிட்டது. ஆனால் அதே மாடியில் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியின் அடியிலும் ஒரு கீறல் இருக்கிறதாம். ஓனர் இப்போது எம்சீல் வாங்கப் போயிருக்கிறார்.

பைப்புமணி

போனில் கூப்பிட்டு நிறுத்துங்கள். அந்தத் தொட்டி பாலித்தீன், சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாகப் பிடிக்காது. எம்சீல் இறுகியதும் அப்படியே தகடாகக் கழன்று வரும். பிளாஸ்டிக் தொட்டிக்கு வெல்டிங் வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சூடு காட்டி, அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்புவார்கள். கீறல் அடியில் என்றால் தண்ணீரின் மொத்தக் கனமும் அங்கேதான், வெல்டிங் வைத்தாலும் தொட்டிக்கு அடியில் மேடை சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஏற்றச் சொல்லுங்கள்.

மாடிப்படி

சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: பைப்பின் மிச்சப் பகுதியிலும் சுவரிலும் டேப் பசை கோந்து மாதிரி அப்பிக்கிடக்கிறது. எப்படி எடுப்பது?

ஓனர்பக்கம்

இதில் நான் எக்ஸ்பர்ட். தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். போகாவிட்டால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள், எண்ணெய்ப்பசை இருந்தால் தூசி ஒட்டும். சுவரில் எண்ணெய் வேண்டாம், கறை நிற்கும், அங்கே சுரண்டிவிட்டு ஒரு கோட் பெயின்ட்தான்.

டக்ட்காரன்

பைப்பில் தின்னர் மட்டும் போடாதீர்கள், பிவிசியைத் தின்றுவிடும். பெயரிலேயே எழுதி வைத்த மாதிரி :)